29 இன்ச் டியூப் டிவியை வைத்துக்கொள்வதா, மாற்றுவதா?

பிக்சர் டியூப் டிவி கடைகளிலிருந்து காணாமல்போய்ப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆனாலும் ஹாலின் மூலையில் அந்தக் கனத்த பெட்டி இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் வீடுகள் இருக்கத்தான் செய்கின்றன. இந்தக் கட்டுரை அவற்றிலும் பெரிய பெட்டியை, அதாவது 29 இன்ச் டிவியை வைத்திருப்பவர்களுக்கானது. 2006க்குப் பிறகு தமிழ்நாடு அரசு வீடுவீடாக இலவசமாகக் கொடுத்த வண்ணத் தொலைக்காட்சி 14 இன்ச். சொந்தக் காசில் வாங்கியவர்களும் பெரும்பாலும் 20 அல்லது 21 இன்ச்சோடு நிறுத்திக்கொண்டார்கள். 29 இன்ச் வாங்கியவர்கள் அதை ஒரு சொத்தாக நினைத்து வாங்கியவர்கள். ஆகவேதான் அதைத் தூக்கிப்போட மனம் வருவதில்லை. அதில் தவறும் இல்லை. நல்ல டியூப்பாக இருந்தால் அது இன்றைக்கும் நல்ல டிவிதான்.

அவர்கள் முன்னால் இருக்கும் வழிகள் மூன்று. இருப்பதையே பழுதுபார்த்து ஓட்டலாம். அதை எடுத்துவிட்டு எல்இடி டிவி வாங்கலாம். ஹாலுக்குப் புதியது, உள்ளறைக்குப் பழையது என்று இரண்டையும் வைத்துக்கொள்ளலாம். கடைக்குப் போனால் முதல் கேள்வி "எத்தனை இன்ச் பார்க்கிறீர்கள்?" என்றுதான் வரும். அந்த இன்ச் கணக்கே இந்த விஷயத்தில் ஆளை ஏமாற்றுகிறது.

இன்ச் என்பது திரையின் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலை வரையான அளவு. பழைய டிவியில் அது கண்ணாடிக் குழாயின் அளவு. ஓரங்கள் பிளாஸ்டிக் சட்டத்துக்குள் மறைந்துவிடும். 29 இன்ச் என்று விற்கப்பட்ட டிவியில் கண்ணுக்குத் தெரியும் படம் மூலைக்கு மூலை சுமார் 68 சென்டிமீட்டர்தான், அதாவது 27 இன்ச்சுக்குச் சற்றுக் குறைவு. வடிவம் 4:3 என்பதால் அகலம் 54, உயரம் 41 சென்டிமீட்டர். புதிய டிவிகளில் சொல்லும் அளவும் தெரியும் அளவும் ஒன்றே. ஆனால் வடிவம் 16:9. ஒரே மூலைவிட்ட அளவில் 16:9 திரை அகலத்தில் கூடும், உயரத்தில் குறையும். ஆகவே பழைய டிவியையும் புதிய டிவியையும் இன்ச்சில் ஒப்பிடுவது வீண் வேலை. டேப்பை எடுத்துப் படத்தின் உயரத்தை அளக்க வேண்டும்.

உயரத்தில் வைத்துப் பார்த்தால் கணக்கு இப்படி வருகிறது. 32 இன்ச் எல்இடியின் திரை உயரம் 39 சென்டிமீட்டர். 40 இன்ச்சில் 49. 43 இன்ச்சில் 53. 55 இன்ச்சில் 68. கையில் இருக்கும் டியூப் டிவியின் உயரமோ 41. அதாவது 29ஐ விட்டு 32க்குப் போகிறவர் உண்மையில் உயரத்தில் இரண்டு சென்டிமீட்டரை இழக்கிறார். பழைய படம், பழைய தொடர், பழைய ஒளியும் ஒலியும் எதுவாக இருந்தாலும், 4:3 வடிவில் எடுக்கப்பட்டதை அந்தப் புதிய டிவியில் சரியான வடிவில் போட்டால், இரு பக்கமும் கறுப்புப் பட்டை நிற்க, நடுவில் தெரியும் படம் பழைய டிவியில் தெரிந்ததைவிடச் சிறியது. "புது டிவி வாங்கியும் என்னவோ சின்னதாக இருக்கிறது" என்று வீட்டுப் பெரியவர்கள் முனகினால் அது பிரமை இல்லை.

பிறகு ஏன் இத்தனை பேர் 32 வாங்குகிறார்கள்? விலை ஒரு காரணம். இன்னொன்று தச்சர் செய்து வைத்த ஷோகேஸ். 29 இன்ச் டிவியை வாங்கிய காலத்தில் ஹால் சுவரை அடைத்து மர ஷோகேஸ் செய்து, நடுவில் டிவிக்கென்று ஒரு பொந்து விட்டார்கள். அகலம் சுமார் எண்பது, தொண்ணூறு சென்டிமீட்டர். ஆழம் அரை மீட்டருக்கு மேல். 32 இன்ச் எல்இடி அதற்குள் தாராளமாக உட்காரும். 43 இன்ச்சோ சட்டத்தோடு சேர்த்துக் கிட்டத்தட்ட 96 சென்டிமீட்டர் அகலம். உட்காராது. ஆக, வீட்டில் எவ்வளவு பெரிய டிவி வேண்டும் என்பதை எப்போதோ அடித்த பலகை முடிவுசெய்கிறது! பக்கப் பலகையை எடுத்துவிடத் தச்சருக்கு ஒரு நாள் வேலைகூட ஆகாது. அது பிடிக்கவில்லை என்றால், பொந்தின் பின்சுவரில் முன்னே நீளும் இரும்புக் கைப்பிடியை அடித்து, ஷோகேஸின் முகத்துக்கு முன்னால் டிவி நிற்கும்படி மாட்டலாம். அந்தக் கைப்பிடி அரை மீட்டராவது நீளக்கூடியதா என்று கேட்டு வாங்க வேண்டும். பொந்து தொண்ணூறு சென்டிமீட்டருக்குக் குறையாமல் இருந்தால் 40 இன்ச் மட்டுமட்டாகப் பொருந்தும். 32 இன்ச் படுக்கையறைக்கு உரிய அளவு. 29 இன்ச் டியூப் இருந்த இடத்தில் அதை வைக்கலாகாது என்பது என் கட்சி.

இனி மறுபக்கம். இன்றைய நிகழ்ச்சிகள் எல்லாம் 16:9. அவற்றை டியூப் டிவியில் சரியான வடிவில் பார்த்தால் மேலும் கீழும் கறுப்புப் பட்டை விழுந்து, படத்தின் உயரம் 31 சென்டிமீட்டராகச் சுருங்குகிறது. சினிமாஸ்கோப் படம் என்றால் 23 சென்டிமீட்டர்தான்: ஒரு பள்ளிக்கூட ஸ்கேல் நீளம்கூட இல்லை. 43 இன்ச் டிவியில் அதே ஸ்கோப் படம் 40 சென்டிமீட்டர் உயரத்துக்கு நிற்கும். பட்டை வேண்டாம் என்று செட்டாப் பாக்ஸில் 'ஃபுல்' என்று வைத்தால் ஆட்கள் எல்லாரும் ஒட்டடைக்குச்சியாக நீண்டுவிடுவார்கள். சில பாக்ஸ்களில் பக்கங்களை வெட்டிவிட்டு நடுப்பகுதியை மட்டும் காட்டும் வசதி உண்டு. அதில் கிரிக்கெட் ஸ்கோரின் முதல் இரண்டு எழுத்து போய்விடும். போதாக்குறைக்கு டியூப் டிவிகள் படத்தின் நான்கு ஓரங்களையும் கொஞ்சம் சட்டத்துக்குப் பின்னால் தள்ளியே காட்டும். செய்திச் சேனலின் கீழே ஓடும் எழுத்தில் அடிப்பாகம் தெரியாமல் போவது இதனால்தான்.

ஆக, வீட்டில் ஓடுவது எது என்பதைப் பார்க்க வேண்டும். செய்தி, கிரிக்கெட், புதுப்படம், யூடியூப் என்றால் டியூப் டிவியில் திரையின் கால்பங்கு எப்போதும் வீணாகிறது. பழைய படங்கள் என்றால் கதை வேறு. தமிழின் முதல் சினிமாஸ்கோப் படமான 'ராஜராஜ சோழன்' 1973இல்தான் வந்தது. அதற்கு முந்தைய கறுப்பு வெள்ளைக் காலத்துப் படங்களில் மிகப் பல 4:3க்கு மிக நெருங்கிய வடிவத்தில் எடுக்கப்பட்டவை. டியூப் டிவியின் திரையை அவை ஏறக்குறைய விளிம்பு வரை நிரப்பும். அந்தப் படங்களையே இன்று பல சேனல்களும் இணையத்தில் ஏற்றுகிறவர்களும் பக்கவாட்டில் இழுத்து 16:9 ஆக்கிவிடுகிறார்கள். கதாநாயகி குண்டாகத் தெரிகிறார். வட்டமான கடிகாரம் முட்டையாகத் தெரிகிறது. அல்லது மேலும் கீழும் வெட்டிவிடுகிறார்கள். நடனத்தில் பாதம் காணாமல் போகிறது. இழுத்த படமாக இருந்தால் புதிய டிவியில் ரிமோட்டின் மெனுவுக்குள் போய் 'பிக்சர் சைஸ்' என்பதை 4:3 என்று மாற்றினால் சரியாகிவிடும். வெட்டிய படத்துக்கு எந்த டிவியிலும் மருந்து இல்லை.

டியூப் ஜெயிக்கும் இடங்களையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். இந்தியாவில் பின்பற்றிய பால் (PAL) என்ற ஒளிபரப்பு முறையில் ஒரு படத்துக்கு 625 வரிகள். அதில் கண்ணுக்குத் தெரிபவை 576. எஸ்டி சேனல் (சாதாரணத் தெளிவுச் சேனல்) என்று கேபிளில் வருவது இன்றைக்கும் இந்த 576 வரிப் படம்தான். 41 சென்டிமீட்டர் உயரத்தில் இந்த வரிகள் அடங்கும்போது ஒரு வரி முக்கால் மில்லிமீட்டரைத் தாண்டாது. அதையே 55 இன்ச் டிவியில் விரித்தால் ஒரு வரிக்கு 1.2 மில்லிமீட்டர். 4கே டிவி தன்னிடமுள்ள 2160 வரிகளை நிரப்ப, இல்லாததை ஊகித்து இட்டுக்கட்ட வேண்டியிருக்கிறது. முகங்கள் மெழுகு பூசியதுபோல் தெரிவதற்கும், எழுத்துகளைச் சுற்றிக் கொசு மொய்ப்பதுபோல் ஓர் அதிர்வு தெரிவதற்கும் இதுவே காரணம். எஸ்டி கேபிளை மட்டும் வைத்துக்கொண்டு 55 இன்ச் வாங்கியவரின் வீட்டில் தொடர் பார்த்தால் தெரியும். பழைய டிவியில் அதே சேனல் நன்றாகவே இருந்திருக்கும்.

அசைவிலும் டியூப் கெட்டி. அதில் ஒவ்வொரு புள்ளியும் எலக்ட்ரான் கற்றை படும் நொடியில் மின்னி அணைந்துவிடும். எல்இடியிலோ ஒரு படம் அடுத்த படம் வரும்வரை அப்படியே நிற்கும். நகரும் பந்தைக் கண் தொடரும்போது, நிற்கும் அந்தப் படம் விழித்திரையில் இழுபட்டு மங்கலாகிறது. வேகப்பந்து வீச்சைப் பார்த்தால் இந்த வித்தியாசம் புரியும். கறுப்பும் அப்படித்தான். டியூப்பில் கறுப்பு என்றால் அந்த இடத்தில் வெளிச்சமே எழுவதில்லை. எல்இடியில் பின்விளக்கு எரிந்துகொண்டே இருக்க, முன்னால் உள்ள திரை அதை மறைக்கப் பார்க்கிறது. இருட்டறையில் சாம்பல் நிறமாகக் கசியும். ஓஎல்இடி டிவி இந்தக் குறையைத் தீர்த்துவிட்டது என்றாலும் அதன் விலை வேறு. டியூப்பின் பங்குக்கு ஒரு குறை: விநாடிக்கு 50 முறை மின்னுவதால், வெள்ளைப் பின்னணி வரும்போது ஓரக்கண்ணில் படபடப்பு தெரியும். நூறு ஹெர்ட்ஸ் என்று எழுதி விற்ற உயர்தர மாடல்களில் அது இல்லை.

சோனியின் டிரினிட்ரான் வைத்திருப்பவர்கள் வெள்ளைத் திரை வரும்போது உற்றுப் பாருங்கள். மேலிருந்து மூன்றில் ஒரு பங்கிலும், மூன்றில் இரண்டு பங்கிலும் முடியிழை போல மங்கலாக இரண்டு கிடைக்கோடுகள் தெரியும். பழுது அல்ல. மற்ற டியூப்களில் துளையிட்ட உலோகத் தகடு இருக்கும் இடத்தில், 1968இல் வந்த இந்த முறையில் செங்குத்தான மெல்லிய கம்பிகளின் வரிசை இருக்கிறது. அந்தக் கம்பிகள் அதிராமல் இருக்கக் குறுக்கே கட்டிய இழைகளின் நிழல்தான் அது. இதைக் கோளாறு என்று சொல்லி யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

வீடியோ கேசட்டும் பழைய டிவி கேமும் உள்ள வீட்டில் டியூப்புக்கு மாற்றே இல்லை. கல்யாணக் கேசட்டை விசிஆரில் போட்டுப் புதிய டிவியில் பார்த்தால், படத்தின் அடியில் ஒரு பட்டை கிழிந்து கோணலாக ஓடும். அது கேசட்டில் எப்போதும் இருந்ததுதான். நான் மேலே குறை சொன்ன, ஓரங்களை மறைக்கும் அந்தக் குணம் இங்கே உதவிக்கு வருகிறது. டியூப் டிவி அந்தப் பட்டையைச் சட்டத்துக்குப் பின்னால் தள்ளிவிடும். நாடா கொஞ்சம் தேய்ந்திருந்தால் புதிய டிவி சமிக்ஞையே இல்லை என்று திரையை நீலமாக்கிவிடும். பழையது நடுங்கிக்கொண்டாவது காட்டும். வாத்து சுடும் விளையாட்டின் துப்பாக்கி எல்இடியில் வேலையே செய்யாது. சுட்டதும் திரை ஒரு கணம் கறுத்து, வாத்து இருக்கும் இடம் மட்டும் வெள்ளையாக மின்னும்; அந்த மின்னலை உடனுக்குடன் பார்த்துத்தான் அது குறியை அறிகிறது. பட்டனை அழுத்தியதும் குதிக்க வேண்டிய விளையாட்டுகளிலும், புதிய டிவி படத்தைப் பதப்படுத்தி முடிப்பதற்குள் நேரம் கடந்துவிடுகிறது. மேல்நாடுகளில் பழைய விளையாட்டுப் பிரியர்கள் டியூப் டிவியைத் தேடி அலைவது இதற்காகத்தான்.

அந்தத் தேடலைப் படித்துவிட்டு இன்னும் பெரிய டியூப் எங்காவது கிடைக்குமா என்று நினைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அமெரிக்காவில் 2000களின் தொடக்கத்தில் சோனி விற்ற 40 இன்ச் 4:3 டிவி ஒன்றின் எடை 138 கிலோவுக்கு அருகில். அதே நிறுவனம் 1989 வாக்கில் ஜப்பானில் செய்த 43 இன்ச் டியூப் டிவி சுமார் 200 கிலோ. நம் 29 இன்ச்சே நாற்பத்தைந்து, ஐம்பது கிலோ வரும். கண்ணாடிக்குள் வெற்றிடம் இருப்பதால், திரை பெரிதாகப் பெரிதாகக் காற்றழுத்தத்தைத் தாங்கக் கண்ணாடியின் கனம் கூடிக்கொண்டே போகும். மாடிப்படியுள்ள வீட்டுக்கு இதெல்லாம் ஆகாது.

ஒலியைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஆனால் வயதானவர்கள் உள்ள வீட்டில் அதுதான் முதல் பிரச்சினை. 29 இன்ச் டிவியின் ஸ்பீக்கர்கள் பெரியவை. பார்ப்பவரின் முகத்தை நோக்கி இருக்கும். பெட்டியின் கொள்ளளவே அவற்றுக்குக் கனம் கொடுக்கும். மெல்லிய எல்இடியில் குட்டி ஸ்பீக்கர்கள் தரையைப் பார்த்து இருக்கும். பாட்டுச் சத்தம் கேட்கும், வசனம் புரியாது. ஒலியைக் கூட்டினால் விளம்பரம் வரும்போது வீடே அதிரும். எனவே புதிய டிவியின் விலையோடு ஒரு சவுண்ட்பாரின் விலையையும் சேர்த்தே கணக்குப் போட வேண்டும். இன்னொன்று: பழைய டிவியை அழுத்தினால் படம் வரும். ஸ்மார்ட் டிவி முதலில் தன் முகப்பைக் காட்டி, என்ன வேண்டும் என்று கேட்கும். கேபிள் மட்டும் பார்க்கும் பாட்டிக்கு அந்த முகப்பு ஒரு சுவர். அமைப்புகளுக்குள் போய், போட்டதும் செட்டாப் பாக்ஸ் உள்ள எச்டிஎம்ஐக்கே திறக்கும்படி மாற்ற முடியும் மாடலாகப் பார்த்து வாங்குவது நல்லது.

பழுது பார்க்கும் செலவில் எது தகும், எது தகாது? திரை முழுதும் இருண்டு நடுவில் ஒரு கிடைக்கோடு மட்டும் பளிச்சென்று எரிந்தால் வெர்டிகல் ஐசி போயிருக்கும், அல்லது அதன் காலில் டிரை சோல்டர், அதாவது பற்றவைப்பு விட்டுப்போயிருக்கும். சின்ன வேலை, செய்யலாம். மூலையில் பச்சையோ ஊதாவோ திட்டாகப் படிந்திருந்தால் முதலில் பக்கத்தில் ஸ்பீக்கர் இருக்கிறதா என்று பாருங்கள். நகர்த்திய பிறகும் போகவில்லை என்றால், திரையில் படிந்த காந்தத்தை நீக்கும் டீகாஸ் சுற்றின் தெர்மிஸ்டர் போயிருக்கும். டிவியைப் போடும்போது வரும் 'டொம்' என்ற சத்தம் கேட்காமல் போயிருந்தால் அதுவேதான். மழைக்காலத்தில் பின்பக்கம் சடசட என்று பொரிந்தால் எல்ஓடியிலோ (டியூப்புக்கு உயர் மின்னழுத்தம் தரும் டிரான்ஸ்ஃபார்மர்) டியூப்பின் மேல் உள்ள ரப்பர்த் தொப்பியிலோ கசிவு. கடலோர ஊர்களில் இது சகஜம். மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டும். நீங்களே கழற்றக் கூடாது. அந்தத் தொப்பிக்கு அடியில் இருப்பது இருபத்தைந்தாயிரம் வோல்ட்டுக்கும் மேல். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது டியூப்பில் தேங்கி நிற்கும்.

ஒரு நோய்க்கு மட்டும் வைத்தியம் வேண்டாம். காலையில் போட்டதும் படம் மங்கலாக, நிறமில்லாமல் வந்து, பத்து நிமிடம் கழித்துத்தான் தெளிகிறது என்றால் டியூப் வீக். எலக்ட்ரானை உமிழும் கேத்தோடு தேய்ந்துவிட்டது. சூடேற்றும் மின்னழுத்தத்தைக் கூட்டிக் கொஞ்ச காலம் ஓட்டிக் கொடுப்பவர்கள் உண்டு. அது மூச்சு இழுத்துப் பிடிப்பதுதான். புது டியூப் கிடைக்காது. அதுபோலவே, போர்டு போய்விட்டது என்று சைனா கிட், அதாவது எந்த டிவிக்கும் பொருத்தும் மலிவான போர்டு, மாட்டச் சொன்னாலும் யோசியுங்கள். டிவி ஓடும். ஆனால் 29 இன்ச் வாங்கிய காரணமான படத் தெளிவும் வடிவ நேர்த்தியும் அந்தப் பொதுப் போர்டில் பெரும்பாலும் திரும்புவதில்லை. சென்னைக்காரர்களுக்கு ரிச்சி ஸ்ட்ரீட் இருக்கிறது. உதிரிபாகம் தேடிக் கிடைத்துவிடலாம். சிறிய ஊர்களில் பழைய மெக்கானிக் ஒருவர் இன்னும் கடை வைத்திருக்கிறாரா என்பதைப் பொறுத்தே உங்கள் டிவியின் ஆயுள்.

எல்இடிக்கும் நோய் உண்டு. சில ஆண்டுகளில் பேக்லைட் பட்டைகள் ஒவ்வொன்றாக அணையும்: ஒலி வரும், படம் வராது, டார்ச் அடித்துப் பார்த்தால் மங்கலாக உருவம் அசையும். அது மாற்றத்தக்கது. பேனலில், அதாவது படம் தெரியும் திரைப் பலகையில், கோடு விழுந்தாலோ விரிசல் விட்டாலோ பழுது பார்ப்பதில் அர்த்தம் இல்லை. டிவியின் விலையில் பெரும்பகுதியே பேனல்தான். ஹாலில் கிரிக்கெட் ஆடும் பையன்கள் இருந்தால் இதை யோசிக்க வேண்டும். டென்னிஸ் பந்து பட்டால் டியூப்புக்கு ஒன்றும் ஆகாது.

மின்சாரச் செலவைக் காட்டி மாற்றச் சொல்வார்கள். அது பெரிய காரணம் அல்ல. 29 இன்ச் டியூப் 130 வாட் என்று வைத்துக்கொள்வோம். 43 இன்ச் எல்இடி 80 வாட். ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரம் ஓடினால் இரண்டு மாத பில்லில் 39 யூனிட்டுக்கும் 24 யூனிட்டுக்கும் உள்ள வித்தியாசம், அதாவது 15 யூனிட். அந்த 15 யூனிட் மேல் அடுக்குக்குத் தள்ளாத வரை இந்த மிச்சத்தில் புது டிவியின் விலை எந்தக் காலத்திலும் ஈடாகாது. 65 இன்ச்சுக்குப் போனால் அந்த மிச்சமும் இருக்காது.

பழையதையே வைத்துக்கொள்ள முடிவுசெய்தவர்கள் இணைப்பைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும். மஞ்சள், வெள்ளை, சிவப்புத் துளைகள் புதிய பாக்ஸ்களில் குறைந்துகொண்டே வருகின்றன. எச்டிஎம்ஐ மட்டும் உள்ள பாக்ஸையோ ஸ்டிக்கையோ பொருத்த, தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய மாற்றி ஒன்று சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். அதன் பக்கவாட்டில் பால், என்டிஎஸ்சி (அமெரிக்க ஒளிபரப்பு முறை) என்று ஒரு குட்டி ஸ்விட்ச் இருக்கும். கடையிலிருந்து வரும்போது அது எந்தப் பக்கம் தள்ளியிருக்கும் என்று சொல்ல முடியாது. படம் கறுப்பு வெள்ளையாக வந்தாலோ உருண்டாலோ அதை மாற்றித் தள்ளிப் பாருங்கள். அதற்கென்று யூஎஸ்பி மின்சாரமும் தனியாகக் கொடுக்க வேண்டும். மலிவான மாற்றிகள் 16:9 படத்தை அப்படியே 4:3க்குள் நெருக்கிவிடும். டிவியின் மெனுவில் 16:9 என்று ஒரு முறை இருந்தால் (ஃப்ளாட் டியூப் மாடல்கள் சிலவற்றில் இருக்கிறது) அதைப் போட்டால் முகங்கள் சரியாகும்.

மாற்ற முடிவுசெய்தவர்களுக்கு அளவைத் தேர்ந்தெடுக்கவும் அதே உயரக் கணக்கு உதவும். எஸ்டி படத்துக்குத் திரை உயரத்தைப் போல ஆறு மடங்கு தூரம், எச்டி படத்துக்கு மூன்று மடங்கு தூரம் என்பது பழைய பொறியியல் கணக்கு. பல வீட்டு ஹால்களில் சோபாவுக்கும் டிவிக்கும் இடையே பத்தடி, அதாவது மூன்று மீட்டர். எஸ்டி கேபிளே பிரதானம் என்றால் மூன்று மீட்டரை ஆறால் வகுக்க 50 சென்டிமீட்டர். 40 அல்லது 43 இன்ச் கச்சிதம். 55 வாங்கினால் சோபாவைப் பதின்மூன்று அடிக்குத் தள்ள வேண்டும். ஹாலில் அந்த இடம் இருக்காது. எச்டி சேனலும் இணையமும் உண்டு என்றால் அதே பத்தடிக்கு ஒரு மீட்டர் உயரத் திரைகூடத் தாங்கும். 55, 65 எதுவும் அதிகமில்லை. ஆகவே டிவி வாங்கும் முன் கேபிள் இணைப்பை முடிவுசெய்ய வேண்டும். எச்டிக்கு மாறாமல் 55 வாங்குவது பணத்தைக் கொடுத்துக் கண்ணைக் கெடுத்துக்கொள்ளும் வேலை.

விலையில் இப்போது சாதகமான காலம். 32 இன்ச்சுக்கு மேற்பட்ட டிவிகளுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதமாக இருந்தது, 2025 செப்டம்பர் 22 முதல் 18 ஆகிவிட்டது. 32 இன்ச்சுக்கு ஏற்கெனவே 18தான். 32லிருந்து 43க்குத் தாவுவதில் இருந்த கூடுதல் வரி போய்விட்டதால், சிறியதோடு நின்றுகொள்ள இருந்த ஒரு காரணமும் போய்விட்டது. பழையதை எக்ஸ்சேஞ்ச் கொடுத்தால் தள்ளுபடி என்பார்கள். டியூப் டிவிக்கு அவர்கள் காட்டும் தொகை அற்பமாகவே இருக்கும். அதை வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

என்னைக் கேட்டால்: டியூப் நன்றாக இருந்து, வீட்டில் இருப்பது வயதான இருவர், ஓடுவது எஸ்டி கேபிளில் பழைய படமும் தொடரும் என்றால் தொட வேண்டாம். பிள்ளைகள் வெளியூரிலிருந்து அனுப்பும் 32 இன்ச் பரிசைவிட அதுவே மேல். எச்டியும் கிரிக்கெட்டும் யூடியூப்பும் உள்ள குடும்பம் 43க்குக் குறையாமல் மாற்ற வேண்டும். இரண்டையும் வைப்பது கேசட்டோ டிவி கேமோ உள்ள வீட்டுக்கு மட்டும்தான். இல்லையென்றால் உள்ளறையில் அது துணி மடித்து வைக்கும் மேஜையாகிவிடும்.

தூக்கிப்போடுவது என்றானால், காயலான் கடைக்கு மட்டும் வேண்டாம். அவர்களுக்குத் தேவை டியூப்பின் கழுத்தில் சுற்றியுள்ள செம்பு. அதை எடுத்துக்கொண்டு கண்ணாடியை எங்காவது உடைத்துக் கொட்டுவார்கள். புனல் பகுதிக் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது, பெரிய டியூப்பில் கிலோ கணக்கில். தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அங்கீகரித்த மின்கழிவு மறுசுழற்சியாளர்களின் பட்டியல் உண்டு. புதிய டிவியின் நிறுவனத்திடமும் எடுத்துக்கொள்வார்களா என்று கேட்கலாம். இடம் மாற்றும்போது இருவர் பிடிக்க வேண்டும். பளு முழுவதும் முன்கண்ணாடியில் இருப்பதால், தூக்குபவரின் நெஞ்சைப் பார்த்துத் திரை இருக்க வேண்டும்; பின்பக்கத்தை அணைத்துத் தூக்கினால் பெட்டி முன்னால் கவிழ்ந்துவிடும். தூக்கும் முன்பே ஷோகேஸின் கண்ணாடிக் கதவைக் கழற்றி ஓரமாக வைத்துவிடுங்கள்.